பாக் நீரிணையின் இரு கரையும் ஒரே தாளில்: மாவட்ட வண்ணமா, சதுரக் கட்டமா?

பாக் நீரிணையைச் சுற்றி மக்கள் எங்கே நெருக்கமாக வாழ்கிறார்கள் என்று காட்ட, ஒரு நூலகச் சுவருக்காகப் போன வருடம் வரைபடம் போட்டேன். முதலில் மாவட்டத்துக்கு ஒரு வண்ணம் என்று போட்டேன். பிடிக்கவில்லை. இரண்டு கிலோமீட்டர் சதுரக் கட்டங்களுக்கு மாறினேன்.

மாவட்ட வண்ணம் அரை நாள் வேலை, யாருக்கும் விளக்கவும் வேண்டாம். இரு கரையிலும் 'மாவட்டம்' என்றே சொல்கிறோம். ஆனால் ராமநாதபுரத்தில் 2011 கணக்குப்படி 13.53 லட்சம் பேர். எதிரே மன்னாரில் 2012 கணக்குப்படி ஒரு லட்சம்கூட இல்லை. அடர்த்தியாக வகுத்துப் போட்டாலும், நெரிசலான ராமேஸ்வரம் ஊரும் 1964 புயலுக்குப் பின் வெறிச்சோடிய தனுஷ்கோடியும் ஒரே வண்ணத்தில் கிடக்கும். கட்டத்தில் அந்த மணல்வால் வெறும் வெள்ளையாக நீண்டது.

இத்தனை பேருக்கு ஒரு புள்ளி என்று புள்ளி வரைபடமும் போட்டுப் பார்த்தேன். மென்பொருள் இஷ்டத்துக்குத் தூவிய புள்ளியைப் பார்ப்பவர்கள் வீடு என்று நினைத்துத் தேடுகிறார்கள். விட்டுவிட்டேன்.

என்னைக் கட்டத்தின் பக்கம் சாய்த்தது பராமரிப்புதான். நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை 2020-இல் பிரிந்தது; 2011 எண்ணிக்கையோ பிரியாத மாவட்டத்துக்கு உரியது. இன்றைய எல்லைக்கோட்டில் அந்த எண்ணை ஊற்றினால் நாகப்பட்டினம் பொய்யாகச் சிவக்கும். இலங்கையில் 2024-இலேயே அடுத்த கணக்கெடுப்பு நடந்தது, இங்கே 2027-க்குத் தள்ளிப்போய்விட்டது. ஆக, ஒரு கரையின் கணக்கு மாறும்போதெல்லாம் எல்லையைச் சரிபார்த்து, தாலுகாக்களைக் கூட்டிக் கழித்து, வண்ணப்படிகளை மறுபடி பிரிக்க வேண்டும். கட்டத்துக்கு மாவட்டம் பிரிந்தாலும் சேர்ந்தாலும் கவலையில்லை. புது மக்கள்தொகைத் தரவுக் கோப்பை மாற்றி வைத்தால் போதும். இலங்கை நில அளவையின் எஸ்எல்டி99 என்ற ஆயமுறையில் உள்ள வரைபட அடுக்குகளையும் நம் பக்கத்து அடுக்குகளையும், உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் ஆயமுறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு ஒருமுறை மாற்றினால் சரி. இரு கரையும் அந்த ஒரே மண்டலத்துக்குள் அடங்குவது நம் அதிர்ஷ்டம்.

குறையும் உண்டு. கட்டத்துக்குள் இருக்கும் எண் யாரும் வாசலில் நின்று எண்ணியதல்ல. வேர்ல்ட்பாப் போன்ற மக்கள்தொகைத் தரவுத் திட்டங்கள் அதே கணக்கெடுப்பை வைத்து, செயற்கைக்கோள் படத்தின் துணையோடு பிரித்துப் போட்ட மதிப்பீடு. அதனால் ஒற்றைக் கட்டத்தைக் காட்டி "இங்கே இத்தனை பேர்" என்று பேசக் கூடாது.

இன்னொன்று, மாட்டிய அன்றே தெரிந்தது. பாம்பனிலிருந்து வந்த ஓர் அம்மா பயறு அளவுக் கட்டங்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, "இதுல எங்க ஊரு எங்க தம்பி?" என்றார். ஊர்ப்பெயர் போட மறந்திருந்தேன்! மறு அச்சில் பெயர்களும், மாவட்ட எல்லை மெல்லிய சாம்பல் கோடாகவும், 1974, 1976 ஒப்பந்தங்களின் கடல் எல்லை புள்ளிக்கோடாகவும் வந்தன. குறிப்புகளைத் தமிழில் மட்டும் போட்டேன். அக்கரைத் தமிழரும் படிக்கலாம். ஆனால் சிங்கள வாசகருக்குத் தனியே செய்ய வேண்டும்.

செல்பேசித் திரையில் இந்தக் கட்டங்கள் எப்படித் தெரியும் என்று நான் போட்டுப் பார்க்கவில்லை. அச்சுத்தாளுக்கு மட்டும்தான் அடித்துச் சொல்வேன்.