அறைப் பெட்டகமா, உடலோடு அணியும் பையா?

பார்சலோனாவில் கப்பலேறி மார்செய், நேப்பிள்ஸ் எனத் துறைமுகந்தோறும் இறங்கிச் சுற்றும் இந்தியப் பயணி, பாஸ்போர்ட்டைக் கப்பல் அறையிலுள்ள எண்பூட்டுப் பெட்டகத்தில் வைப்பதா, சட்டைக்குள் அணியும் மெல்லிய பையில் உடன் கொண்டுசெல்வதா என்பதை முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும்.

பெட்டகத்தில் இருந்தால் லா ராம்ப்லா போன்ற நெரிசலான வீதிகளில் ஜேப்படிக்கு அஞ்ச வேண்டியதில்லை. கப்பலுக்குத் திரும்பப் பெரும்பாலும் கப்பலில் தரும் அடையாள அட்டையே போதும். ஆனால் கப்பலைத் தவறவிட்டால், அடுத்த துறைமுகத்துக்கு விமானம் ஏற பாஸ்போர்ட் கையில் இருக்காது.

உடன் கொண்டுசென்றால் அந்த இக்கட்டு இல்லை. தொலைந்துவிட்டாலோ, அதில் ஒட்டிய, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் சேர்ந்தே போய்விடும். காவல்துறையில் புகார் அளித்து இந்தியத் தூதரகத்தில் பெறும் அவசரச் சான்றிதழ், தாயகம் திரும்ப உதவுமே தவிர, பயணத்தைத் தொடர உதவாது. இந்த இழப்பே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஆகவே, கப்பலைத் தவறவிடும் வாய்ப்பு குறைவான, கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் செல்வோருக்குப் பெட்டகமே மேல். நேப்பிள்ஸிலிருந்து தாமாகவே ரயிலேறி பண்டைய நகரமான பொம்பெயி வரை செல்வோர், தாமதத்தைக் கருதி உடன் எடுத்துச்செல்லலாம். அப்போது முகப்புப் பக்கம், விசாப் பக்கம் ஆகியவற்றின் நகல்களை அறையில் வைத்துச் செல்ல வேண்டும்.