2019-ல் அசெம்பிள் செய்த கேமிங் பிசி இன்னும் ஓடுகிறது: ஒரு பாளையங்கோட்டை அனுபவம்

2019 தீபாவளியை ஒட்டி அசெம்பிள் செய்தது. மானிட்டரோடு சேர்த்து 55,000 ரூபாய் பக்கம் ஆனது. அன்று பெட்டிக்குள் போனவை ரைசன் 5 2600, பி450 மதர்போர்டு, இரண்டு குச்சியாக 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 8 ஜிபி ஆர்எக்ஸ் 570 கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லா பாகத்துக்கும் கரண்ட் பிரித்துத் தரும் பவர் சப்ளை), முன்பக்கம் வலை போட்ட கேபினட். இன்று ப்ராசஸர் ரைசன் 5 5600, கார்டு ஆர்எக்ஸ் 6600. போர்டு, எஸ்எம்பிஎஸ், ரேம், கேபினட், மானிட்டர் எல்லாம் அன்றைக்கு வாங்கியவைதான்.

கேமிங் பிசி போடப் போகிறேன் என்று வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது எந்த கிராபிக்ஸ் கார்டு என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி என்பேன். கார்டும் ப்ராசஸரும் எப்படியும் மூன்று நான்கு வருடத்தில் மாறப் போகிறவை. கழற்றி விற்றால் கொஞ்சம் காசும் திரும்பி வரும். எஸ்எம்பிஎஸ், போர்டு, கேபினட் மூன்றும் அப்படி இல்லை. நம்ம ஊர் கரண்டையும் வெயிலையும் புழுதியையும் வருஷக்கணக்கில் தாங்க வேண்டியவை அவைதான். பட்ஜெட் இடித்தால் கார்டில் ஒரு படி இறங்குங்கள், இவற்றில் இறங்காதீர்கள்.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் பாகம் வாங்கிய கடையில் நடந்த பேச்சு இது.

"தம்பி, கேபினட்டோடயே எஸ்எம்பிஎஸ் வருது, 450 வாட்டு. தனியா எதுக்கு நாலாயிரம் குடுக்கீய?"

"அண்ணாச்சி, அதுல கிராபிக்ஸ் கார்டுக்கு எட்டு பின் வயர் இருக்கா?"

"கன்வெர்ட்டர் போட்டுக்கிடலாம்லா."

அந்தக் கன்வெர்ட்டர்தான் வினை. பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் மெல்லிய வயரில் கார்டு இழுக்கும் கரண்டை ஏற்றினால் கனெக்டர் சூடாகி இளகும். அண்ணாச்சி நல்லவர்தான், ஆபீஸ் கம்ப்யூட்டர் போட்டுப் பழகிய கை.

எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது வாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கவாட்டு லேபிளில் இன்புட் என்று போட்ட வரியைப் பாருங்கள். சிலவற்றில் 100–240 வோல்ட் என்று இருக்கும், சிலவற்றில் 200–240 என்றே இருக்கும். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் தெருவெல்லாம் ஏசி ஓட ஆரம்பித்ததும் எங்கள் பக்கம் வோல்டேஜ் 180-க்கும் கீழே இறங்கும். 100–240 போட்ட எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சர்க்யூட் அதைச் சமாளித்துக்கொள்ளும். 200–240 என்று போட்டது அந்த நேரத்தில் திணறும், கேம் நடுவில் அணையும். நாம் கார்டில் கோளாறு என்று நினைத்து டிரைவரை மாற்றிக்கொண்டு கிடப்போம்.

அடுத்தது இன்வெர்ட்டர். கடையில் கம்ப்யூட்டருக்கென்று தரும் 600 விஏ யுபிஎஸ்ஸின் நிஜத் திறன் பெரும்பாலும் 360 வாட்தான். கேம் ஓடும்போது என் மெஷினும் மானிட்டரும் சேர்ந்து 250 வாட்டை ஒட்டி இழுக்கும். உள்ளே இருக்கும் 7 ஏஹெச் பாட்டரி சில நிமிஷம் தாங்கும், இரண்டு மூன்று கோடையில் செத்துவிடும். வீட்டுக்கு எப்படியும் இன்வெர்ட்டர் இருக்கிறதென்றால் பிசியை அதில் மாட்டுவதே லாபம். ஆனால் அது சைன் வேவ் (லைன் கரண்ட் போலவே சீராக ஏறி இறங்கும் கரண்ட் தருவது) ஆக இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ் இரையும், சில சமயம் பட்டென்று நின்றுவிடும்.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று. வீட்டில் பாதிப் பேர் அதைப் பார்த்ததே இல்லை. கரண்ட் போனதும் எஸ்எம்பிஎஸ் தன் கெபாசிட்டரில் உள்ளதை வைத்துத் தாங்குவது சுமார் 16 மில்லி செகண்டுதான். யுபிஎஸ் மோடில் இன்வெர்ட்டர் அதற்குள் மாறிவிடும். நார்மல் மோடில் அதைவிட நேரம் எடுக்கும். ஃபேனும் லைட்டும் அசையாது, பிசி மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். "பிசியில ஏதோ கோளாறு" என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தவற்றில் சிலதுக்கு இந்த ஸ்விட்சைத் தள்ளியதுதான் வைத்தியம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. யுபிஎஸ் மோடில் வோல்டேஜ் 180-க்குக் கீழே போனாலே இன்வெர்ட்டர் பாட்டரிக்குத் தாவிவிடும். கோடைச் சாயங்காலத்தில் கரண்ட் இருக்கும்போதே பாட்டரி இறங்கிக்கொண்டிருக்கும். நான் இன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் வைத்தேன். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் எலக்ட்ரீஷியனிடம் இதை முதலிலேயே சொல்லிவிடலாம்.

எர்த்தையும் விடக்கூடாது. கேபினட்டின் இரும்பைத் தொட்டால் விர்ரென்று இழுக்கிறதா? எஸ்எம்பிஎஸ் போச்சு என்று பயப்பட வேண்டாம். அதன் ஃபில்டரிலிருந்து துளிக் கரண்ட் எர்த்துக்குப் போக வேண்டும். பிளக்கில் எர்த் இல்லாவிட்டால் அது இரும்பிலேயே நிற்கும். புறவாசலில் உள்ள எர்த் குழி கோடையில் காய்ந்து கிடந்தாலும் இந்தத் தொல்லை வரும். உப்பும் கரியும் போட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

ஐப்பசி இடி வேறு கதை. மெயின் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் இன்டர்நெட் வயரை மறந்துவிடுவார்கள். எங்கள் தெருவுக்கு முதலில் கேபிள்காரர் போஸ்டிலிருந்து செம்பு வயரில்தான் லைன் இழுத்திருந்தார். ஒரு இடியில் போர்டில் இன்டர்நெட் வயர் செருகும் லேன் போர்ட் போனது, மற்றதெல்லாம் பிழைத்தது. இப்போது யுஎஸ்பி லேன் அடாப்டரில் ஓடுகிறது. ஃபைபர் வந்தபிறகு அந்த வழியாக இடி இறங்கும் பயம் இல்லை. கண்ணாடி இழையில் கரண்ட் ஏறாது.

இனி போர்டு. 2019-ல் பி450 எடுத்ததற்குக் காரணம் ஏஎம்4 சாக்கெட், அதாவது ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸர் உட்காரும் இடம். அதே சமயத்தில் வள்ளியூரில் என் சித்தப்பா மகன் இன்டெல் ஐ5 9400எஃப் போட்டான். அன்றைக்குக் கேமில் அவன் மெஷின் ஒரு கை மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் 2020-ல் இன்டெல் பத்தாம் தலைமுறைக்கு சாக்கெட்டை மாற்றியது, 2021-ல் பன்னிரண்டுக்கு மறுபடியும் மாற்றியது. அவனுக்குப் புது ப்ராசஸர் என்றால் புது போர்டும் சேர்த்துத்தான். ஏஎம்டியும் புனிதர்கள் இல்லை. 2020 மே மாதம் அடுத்த ரைசன்கள் பி450-ல் ஓடாது என்று சொன்னார்கள்; வாங்கியவர்கள் போட்ட சத்தத்தில் அதே மாதம் பின்வாங்கினார்கள். அந்தச் சத்தத்தால்தான் 2022-ல் வந்த 5600 இன்று என் போர்டில் உட்கார்ந்திருக்கிறது. மாற்றுவதற்கு முன்னால் பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸை, அதாவது போர்டுக்குள் இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேரை, அப்டேட் செய்துவிட வேண்டும். அந்த வேலையை இன்வெர்ட்டர் ஃபுல் சார்ஜில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டே கல்லாகிவிடும்.

இன்னொரு லாபம் பின்னால்தான் தெரிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் ரைசன் 2000 வரிசை இருந்தது, 1000 வரிசை இல்லை. கொஞ்சம் காசு மிச்சம் என்று 1600 வாங்கியவர்களுக்கு 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தபோது தலைவலி. வேலரண்ட் கேம் விளையாடுகிறவர்கள் விண்டோஸ் 11-ல் டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் பயாஸில் ஆன் செய்திருக்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு கதை சுருக்கமானது. 2020 கடைசியிலிருந்து கார்டுகளை வாங்கிக் குவித்து கிரிப்டோ காயின் எடுக்கும் மைனிங் கூட்டமும் சிப் தட்டுப்பாடும் சேர்ந்து விலையைத் தாறுமாறாக்கின. நான் ஆர்எக்ஸ் 570-ஐ வைத்தே ஓட்டினேன். 8 ஜிபி மாடலாக எடுத்திருந்ததால் டெக்ஸ்சரைக் குறைக்க வேண்டி வரவில்லை, மற்ற செட்டிங்குகளைத்தான் குறைத்தேன். 2022 செப்டம்பரில் ஈத்தரியம் மைனிங் நின்றது, விலை இறங்கியது, 2023-ல் ஆர்எக்ஸ் 6600 வந்தது. வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆனால் இழுக்கும் கரண்ட் 570-ஐவிடக் குறைவு: அது 150 வாட், இது 132. அதே எட்டு பின் வயர்தான், எஸ்எம்பிஎஸ் பக்கம் போகவே வேண்டியிருக்கவில்லை.

570 இன்னும் ஓடுமா? ஓடும். ஆனால் வேகம் போதாமல் போவதற்கு முன்னால், புது கேம்கள் கேட்கும் வசதி கார்டில் இல்லாததுதான் காலை வாரும். ஆலன் வேக் 2 கேம், மெஷ் ஷேடர் என்ற வசதியைக் கேட்டது. 2025-ல் வந்த டூம் கேம், ரே டிரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரைவது) இல்லாத கார்டில் திறக்கவே திறக்காது. பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று இப்போது வாங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பி450 போன்ற பழைய போர்டு வைத்திருப்பவர்கள் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகாதீர்கள். அதற்கு போர்டோடு டேட்டா பரிமாற நான்கு லேன் (தடம்)தான், பி450 போன்ற பிசிஐ 3.0 போர்டில் வேகம் விழும், மெமரியும் 4 ஜிபி.

வெயிலுக்கு வருவோம். மே மாத மதியம் மச்சு வெந்து கிடக்கும்போது ஏசி இல்லாத அறையே 36 டிகிரி. எந்த கூலரும் அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது. 2600-ஓடு வந்த சின்ன கூலர் சத்தத்தில் அம்மா தார்சாவிலிருந்து குரல் கொடுப்பார்கள், மிக்ஸி ஓடுதா என்று. இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு டவர் கூலர் போட்டேன், சத்தம் அடங்கியது. அதைவிடப் பலன் தந்தது காசில்லாத வேலை: எஃப்பிஎஸ்ஸை (ஒரு செகண்டில் கார்டு வரையும் ஃப்ரேம்கள்) மானிட்டர் காட்டும் 75-க்கு மேல் போகாமல் கட்டிவைத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஃப்ரேம்களுக்காக கார்டு வேகவில்லை.

புழுதியில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. பாளையங்கோட்டையில் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ப்ளோயர் அடித்தால் போதும். ஆனி, ஆடியில் காற்றாலைக் காட்டுப் பக்கம், ராதாபுரம், பணகுடியில் இருப்பவர்களுக்கு மாதத்துக்கு ஒரு தரம் வேண்டும். உவரி, இடிந்தகரைக் கடற்கரையில் புழுதியோடு உப்பும் சேர்ந்து ஸ்க்ரூ முதற்கொண்டு துருவேறும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றவிட்டால் பேரிங் கெடும். காலியாக உள்ள ஸ்லாட் மூடிகளைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். அந்தச் சந்தில் பல்லி நுழையும், எஸ்எம்பிஎஸ்ஸின் கதகதப்பு அதற்குப் பிடிக்கும். அப்புறம் அதுவும் போகும், எஸ்எம்பிஎஸ்ஸும் போகும்.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், புழுதிக்காக மட்டும் அல்ல. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறை நண்பன் வீட்டில் முதலில் மூழ்கியது மேஜைக்கடியில் இருந்த சிபியுதான். மேஜைமேல் இருந்த மானிட்டர் பிழைத்தது.

ரேம் பற்றி ஒன்றே ஒன்று: இரண்டு குச்சியாக வாங்கி, பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதில் போட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யுங்கள். 3200 என்று காசு கொடுத்து வாங்கி 2400-ல் ஓட்டுகிற வீடுகள் நிறைய. என் மருமகனுக்கு லைட் எரியும் ரேம்தான் வேண்டுமாம். "ஏலே, லைட்டு எரியணும்னா கார்த்திகைக்கு விளக்கேத்து" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டான்.

கரண்ட் பில் பயம் சிலருக்கு. 250 வாட் தினம் மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். அது பெரிதில்லை, ஆனால் வீட்டு மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாப் விலையும் மாறிவிடும். கோடையில் ஏசியையும் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

இப்போது புதிதாகப் போடுகிறவர்களுக்கு ஏஎம்5 சாக்கெட்டில் பி650 போர்டுதான் நீண்ட நாளுக்குச் சரி. 2027-க்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. தடை ரேம்தான். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியிலிருந்து டிடிஆர்5 விலை எங்கேயோ போய்விட்டது. கையில் டிடிஆர்4 குச்சிகள் இருந்தால் ஏஎம்4-லேயே இருந்து ப்ராசஸரை மட்டும் மாற்றுங்கள். எனக்கு அடுத்தது 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. முழு 16 லேன் என்பதால் பழைய போர்டிலும் பெரிதாக இழக்காது. ஆனால் அதற்கு முன்னால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவேன். அதன் ஐந்து வருட வாரண்டி முடிந்து நாளாயிற்று. சென்னை ரிச்சி தெருவில் ஐநூறு ஆயிரம் குறையும்தான். ஆனால் ஜிஎஸ்டி பில்லோடு உள்ளூரிலேயே எடுப்பேன், நாளைக்கு வாரண்டிக்கு கூரியர் போட்டு அலைகிறவர் கடைக்காரராக இருக்கட்டும்.