கினிப் பன்றியா, முயலா, லவ் பேர்ட்ஸா? வேலூர் வெயிலில் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எது பொருந்தும்

பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய பிள்ளைகள் உள்ள வீட்டில், நாயும் பூனையும் வேண்டாம், ஆனால் தொட்டுக் கொஞ்ச ஏதாவது ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை என்றைக்காவது எழுந்தே தீரும். அப்போது கடையில் கண்ணில் படுபவை பெரும்பாலும் நான்கு: கினிப் பன்றி, முயல், ஹாம்ஸ்டர், லவ் பேர்ட்ஸ். வண்ண மீனை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது பார்ப்பதற்கு உரியது, பிள்ளைகள் கேட்பதோ தொடுவதற்கு. சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டில் இந்த நான்கில் மூன்றை வளர்த்திருக்கிறோம். நான்காவதான ஹாம்ஸ்டரைக் காட்பாடியில் உள்ள என் தங்கை வீட்டில் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இவற்றிலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவு சற்றுச் சங்கடமானது. சிறு பிள்ளைகளின் குணத்துக்கு மிகவும் ஒத்துப்போவது கினிப் பன்றி. வேலூர் வெயிலுக்குச் சற்றும் ஒத்துப்போகாததும் அதுவே.

பெயரில் பன்றி இருந்தாலும் கினிப் பன்றி எலி, அணில் ஆகியவற்றைப் போன்ற கொறிக்கும் விலங்குதான். வளர்ந்தபின் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரை எடை இருக்கும். நன்கு பராமரித்தால் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழும். பிள்ளைகளைப் பொறுத்தவரை அதன் பெரிய சிறப்பு, அது எளிதில் கடிப்பதில்லை என்பது. பயந்தால் அசையாமல் உறைந்து நிற்கும் அல்லது மறைவிடம் தேடி ஓடும். பகல் நேரத்திலும் மாலையிலும் விழித்திருக்கும் என்பதால், பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு உறங்கும் விலங்கை எழுப்பிப் பார்க்க வேண்டிய தேவை ஏற்படாது. எல்லாவற்றுக்கும் மேலாக அது குரல் கொடுத்துப் பேசும். எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறக்கும் ஓசை கேட்டவுடன் இரண்டும் 'வீக், வீக்' என்று கூவத் தொடங்கிவிடும். கொத்தமல்லித்தழை வெளியே வருகிறது என்பது அவற்றின் கணிப்பு. தன்னைக் கண்டு ஓர் உயிர் குரல் கொடுக்கிறது என்பதில் நான்கு வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி, முயலிடமோ ஹாம்ஸ்டரிடமோ கிடைப்பதன்று.

ஹாம்ஸ்டர் இதற்கு நேர் எதிரானது. அது இரவில் நடமாடும் விலங்கு. பகலில் தூங்கும்போது பிள்ளை கையை விட்டு எழுப்பினால் கடிப்பது அதன் இயல்பே தவிர, கெட்ட குணம் அன்று. கடைகளில் ஜோடியாக விற்கப்பட்டாலும், பெரிய இனமான சிரிய ஹாம்ஸ்டர் வளர்ந்தபின் தனித்தே வாழ விரும்பும். ஒரே கூண்டில் இரண்டை விட்டால் இரத்தக் காயம் வரை சண்டை போகும். ஆயுளும் இரண்டு, மூன்று ஆண்டுகளே. உள்ளங்கையில் அடங்கிவிடும் என்பதாலேயே சிறுவர்க்கு ஏற்றது என்று பலர் எண்ணுகிறார்கள். என் பார்வையில், உள்ளங்கையில் அடங்குவதுதான் பிள்ளையின் பிடியில் நசுங்குவதற்கும், விரலிடுக்கில் நழுவிப் பீரோவின் பின்னால் மறைவதற்கும் காரணம். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் உள்ள வீட்டுக்கு ஹாம்ஸ்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முயலைப் பற்றிய நம் எண்ணமும் திருத்தப்பட வேண்டியது. காதைப் பிடித்துத் தூக்கலாம் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை. தரையிலிருந்து தூக்கப்படுவதையே பெரும்பாலான முயல்கள் விரும்புவதில்லை. அதன் எலும்புகள் இலேசானவை, பின்னங்கால் தசைகளோ வலிமையானவை. பிடி தளர்ந்த கையில் திமிறி உதைக்கும்போது தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளக்கூடும். மேலும், இங்கே வளர்ப்பு முயல் என்ற பெயரில் கிடைப்பவற்றில் பல, இறைச்சிக்காக வளர்க்கப்படும் பெரிய இனங்களின் குட்டிகள். ஷூ பெட்டிக்குள் அடங்கியபடி வீட்டுக்கு வருவது ஓராண்டில் நான்கு கிலோவை எட்டி, ஆறு வயதுச் சிறுமியால் தூக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிடும். எங்கள் முயல் தொலைபேசி சார்ஜரின் வயரையும் பாயின் ஓரத்தையும் ஒரே வாரத்தில் கத்தரித்தது. இவ்வளவுக்கும் பிறகு, மண் தரையும் மதிற்சுவரும் உள்ள தனி வீட்டில், பிள்ளை தரையில் அமர்ந்து அதனோடு பழகக் கற்றுக்கொண்டால், முயல் அறிவுள்ள துணைதான். ஒரே இடத்தில் கழிக்கப் பழகிக்கொள்வதில் கினிப் பன்றியை அது எளிதில் வென்றுவிடும். கினிப் பன்றி நின்ற இடத்தில் எல்லாம் புழுக்கை போடும்.

லவ் பேர்ட்ஸ் என்று நாம் அழைப்பவை உண்மையில் ஆஸ்திரேலியாவின் பட்ஜிகள் என்னும் சிறு கிளிகள். அந்தப் பெயருக்கு உரிய பறவைகள் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. பட்ஜிகளுக்குத் தினையும், கணவாய் ஓடும், நாள்தோறும் மாற்றும் நீரும், விரல் நுழைய முடியாத அளவு நெருக்கமான கம்பியிட்ட அகலமான கூண்டும் வேண்டும். அலகுக்கு மேலுள்ள சதைப்பகுதி நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண் என்று வளர்ந்த பறவைகளில் பிள்ளைகளே அடையாளம் கண்டுகொள்வார்கள். மண்பானை வைத்தால் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். வேண்டாம் என்றால் பானையை எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் மடியில் அமராது; இளைப்பு நோய் உள்ள பிள்ளைக்கு இறகுத் தூசு ஆகாது. பறவைதான் என்று முடிவான வீடுகளுக்கு ஒரு குறிப்பு: நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது அன்பளிப்பாகக் கொடுத்தாலும் அதே நிலைதான்.

இனி வெயிலுக்கு வருவோம். வேலூரைப் பற்றிய பழைய கேலியில் நீரில்லா ஆறும் மரமில்லா மலையும் இடம்பெறுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த மரமில்லா மலைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவிலும் விட்டுக்கொண்டிருக்கும். அக்னி நட்சத்திரக் காலத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே செய்தியே அன்று. இந்த ஊருக்குக் கொண்டுவரப்படும் விலங்கின் சொந்த நிலம் எது என்று கேட்டுவிட்டால் பாதி விடை கிடைத்துவிடும். கினிப் பன்றியின் முன்னோர் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதியினர். அங்குள்ள மக்கள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணவுக்காக அதை வளர்க்கத் தொடங்கினர். பட்ஜியோ ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் கூட்டம் கூட்டமாகத் திரியும் பறவை. நம் திணைக் கணக்கில் சொன்னால், முன்னது குறிஞ்சி, பின்னது பாலை. மே மாத வேலூர் எந்தத் திணை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கினிப் பன்றிக்கு இதமான வெப்பம் ஏறத்தாழ 18 முதல் 24 டிகிரி வரை. முப்பதை நெருங்கும்போதே அதற்கு ஆபத்து தொடங்கிவிடுகிறது, ஏனெனில் வியர்த்தோ நாயைப் போல நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தோ அதனால் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியாது. முயலுக்குக் காது ஓரளவு உதவுகிறது. சூட்டை அதன் வழியே வெளியேற்றும். ஆனாலும் நம் கோடைக்கு அந்த உதவி போதாது, ஆகவே இந்த வகையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஹாம்ஸ்டர் வளை தோண்டி அடியில் பதுங்கும் விலங்கு. பிளாஸ்டிக் கூண்டில் அதற்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. நான்கில், நிழலும் காற்றோட்டமும் நீரும் மட்டும் கொண்டு வேலூர்க் கோடையைக் கடக்கக்கூடியது பட்ஜி ஒன்றே.

எனவே கினிப் பன்றி வளர்க்க விரும்புவோர் முதலில் ஆராய வேண்டியது பிள்ளையின் ஆர்வத்தை அன்று, வீட்டின் அமைப்பை. மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள அறை, தகரக் கூரை, மேற்குப் பார்த்த பால்கனி ஆகியவை அதற்குக் கொலைக்களங்கள். கீழ்த்தளத்தில், வடக்கு அல்லது கிழக்கு நோக்கிய, நாளெல்லாம் மனிதர் புழங்கும் அறை வேண்டும். எங்கள் வீட்டில் கோடையில் நனைத்த கோணியைச் சன்னலில் தொங்கவிடுவோம்; உறைய வைத்த நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் வைப்போம்; தேவையான சூட்டையும் குளிர்ச்சியையும் அவையே தேர்ந்துகொள்ளும்படி மறு மூலையை வெறுமையாக விடுவோம். ஏர் கூலரை நேரே கூண்டின் மீது திருப்புவது தவறு. ஈரத்தில் புல் பூஞ்சை பிடிக்கும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை இல்லாத வீட்டில் கினிப் பன்றி வேண்டாம் என்பேன். கால் பரப்பிப் படுத்து, வாயில் எச்சில் வழிய வேகமாக மூச்சு விட்டால் அது வெப்பத்தாக்கு. பனி நீரில் முக்காமல், ஈரத் துணியால் காதையும் பாதத்தையும் ஒற்றிக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும்.

உணவில் கினிப் பன்றிக்கு உள்ள விசித்திரமான தேவை மற்ற மூன்றுக்கும் இல்லை. நம்மைப் போலவே அதன் உடலாலும் வைட்டமின் சி-யை உண்டாக்க முடியாது. 1907இல் நார்வே நாட்டு ஆய்வாளர்களான ஹோல்ஸ்ட், ஃபிரோலிக் ஆகிய இருவரும் வேறொரு நோயை ஆராய்வதற்காகக் கினிப் பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்தபோது அவற்றுக்கு ஸ்கர்வி வந்தது. ஸ்கர்வி உணவுக் குறையால் வருவது என்பதை நிறுவுவதில் இந்தச் சிறு விலங்குக்குப் பங்கு உண்டு. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 மில்லிகிராம் வைட்டமின் சி அதற்குத் தேவை. முயல் தீனியை வாங்கிப் போட்டு, இரண்டும் ஒன்றுதானே என்று இருப்பவர்களின் கினிப் பன்றி சில வாரங்களில் மூட்டு வீங்கி, ஈறு கசிந்து, நடக்க மறுப்பதற்கு இதுவே காரணம். ஒரு துண்டு குடைமிளகாய், ஒரு பிடி கொத்தமல்லித்தழை, எப்போதாவது சிறு கொய்யாத் துண்டு என்ற அளவில் நம் சமையலறையிலேயே இதற்குத் தீர்வு உண்டு. நெல்லிக்காயில் இந்தச் சத்து மிகுதிதான். எங்களுடையவை அதை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன.

ஆயினும் காய்கறி துணை உணவே; முக்கிய உணவு புல். முயலைப் போலவே இதற்கும் பற்கள் வாழ்நாள் முழுதும் வளரும், நார் மிகுந்த புல்லை நாளெல்லாம் அரைத்தால்தான் அவை தேயும். நெல் வைக்கோல் விரிப்புக்கு ஆகும், உணவுக்கு அதில் சத்துப் போதாது. குதிரை மசாலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. குட்டிகளுக்கும் சினைப்பட்டவற்றுக்கும் நல்லது, மற்றவற்றுக்கு நாள்தோறும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் உருவாகலாம். நாங்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது அருகம்புல்லை. பிள்ளையார் கோயில் வாசலில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. சாமிக்குப் போக மீதி, அவருடைய வாகனத்தின் தூரத்து உறவினருக்கு என்று என் மகள் கணக்கு வைத்திருக்கிறாள்.

கினிப் பன்றி கூட்டமாக வாழும் விலங்கு என்பதால் ஒன்றை மட்டும் வாங்குவது முறையன்று. இரண்டை வாங்குவதில்தான் சிக்கல். 'இரண்டும் பெண்' என்ற உறுதியுடன் ஒரு கடையில் நாங்கள் வாங்கிய ஜோடியில் ஒன்று ஆண் என்பது, இரண்டு மாதங்களுக்கு மேல் கழித்து மூன்று குட்டிகள் பிறந்த காலையில்தான் தெரிந்தது. மயிரும் பல்லும் திறந்த கண்களுமாகப் பிறந்து, சில மணி நேரத்தில் ஓடத் தொடங்கும் அந்தக் குட்டிகளைப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பெரும் பாடம்தான். ஆனால் குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் சினைப்படக்கூடும். பெண் குட்டிகளும் ஒரு மாதம் கடந்ததும் சினைப்படும் நிலையை எட்டிவிடும். ஏழெட்டு மாத வயதைக் கடந்தபின் முதன்முறையாகச் சினைப்படும் பெண்ணுக்கு இடுப்பெலும்பு விரியாமல் பிரசவமே உயிருக்கு ஆபத்தாகலாம். வாங்கிய வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பாலினத்தை உறுதி செய்துகொள்வது நல்லது. முயலிலும் இதே தொல்லை உண்டு, அதுவும் ஒரு மாதச் சினையில்.

மருத்துவம் என்று வரும்போது வட ஆற்காட்டில் மாடு, ஆடு, நாய் ஆகியவற்றைப் பார்த்துக் கைதேர்ந்த மருத்துவர்கள் பலர் உண்டு. கினிப் பன்றியைப் பார்ப்பவரை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். சிக்கலான நிலையில் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் செல்ல நேரலாம். பிள்ளைக்குச் சளி என்று வாங்கிய அமாக்சிசிலின் மருந்தில் மீதியைக் கினிப் பன்றிக்கோ முயலுக்கோ ஊட்டிவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து அந்த விலங்கே இறந்துபோகக்கூடும். மறுபக்கம், கினிப் பன்றியிடமிருந்து பிள்ளைகளுக்குப் படர்தாமரை தொற்றுவது அரிதன்று. மயிர் உதிர்ந்த திட்டு தெரிந்தால் தொடுவதை நிறுத்த வேண்டும். எதைத் தொட்டாலும் சோப்பால் கை கழுவும் வழக்கம் நான்குக்கும் பொது.

இடம் பற்றிச் சுருக்கமாக: இரண்டு கினிப் பன்றிகளுக்கு நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள சமதரை வேண்டும், பறவைக் கூண்டின் கம்பித் தரை பாதத்தைப் புண்ணாக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் குடும்பம், பட்ஜிக்குத் தினையும் நீரும் நிறைத்துவிட்டு ஒரு நாள் சமாளிக்கலாம். கினிப் பன்றியை அப்படி விட்டுச் செல்ல முடியாது. அது ஒரு நாள் உண்ணாவிட்டாலே குடல் இயக்கம் நின்றுவிடக்கூடும்.

என் தீர்ப்பு வீட்டைப் பொறுத்து மாறுகிறது. மேல்மாடி வாடகை வீட்டில் இருப்போர்க்குத் தயக்கமின்றி லவ் பேர்ட்ஸ். மண் தரையுள்ள தனி வீடும் எட்டு வயதைக் கடந்த பிள்ளையும் இருந்தால் முயல். கீழ்த்தளத்தில் குளிர்ந்த அறையும், பகலில் வீட்டில் இருக்கும் பாட்டியோ தாத்தாவோ அமைந்த குடும்பத்துக்குக் கினிப் பன்றி. அங்கும் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை அதைத் தூக்கக் கூடாது, பெரியவர் மடியில் துண்டு விரித்து வைத்துக் கொடுக்கத் தடவலாம். வாங்குவதென்று முடிவானால், கோடை விடுமுறையில் பிள்ளை கேட்கும்போது வேண்டாம். அந்த மே மாதத்தில் கூண்டு வைக்க எண்ணியிருக்கும் மூலையில் ஒரு வெப்பமானியை மட்டும் மாட்டிவைத்து, பிற்பகல் மூன்று மணிக்கு அது காட்டும் அளவைப் பிள்ளையையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஐப்பசி மழை பெய்து ஓயும்போது அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.