பெட்டி ராட்டை: நூற்க எளிது, பின்னப் பொறுமை வேண்டும்

எரவாடா சிறையில் காந்தியடிகள் செம்மைப்படுத்திய வடிவத்தின் வழிவந்த இந்தப் பெட்டி ராட்டையை (பெட்டிக்குள் அடங்கும் நூற்புக் கருவி), நானே நூற்ற நூலில் பின்னிப் பார்க்கும் ஆசையில் வாங்கினேன். பெரிய சக்கரம் சிறியதையும், சிறியது கதிர் எனும் நூல் முறுக்கும் கம்பியையும் சுழற்றுவதால், கைப்பிடியை மெதுவாகச் சுற்றினாலே பஞ்சுப் பட்டையிலிருந்து இழை வழுக்கிக்கொண்டு வருகிறது. கதிர் மட்டும் சற்று வளைந்திருந்தது. அதை மாற்றித் தரக் கடைக்காரர் பத்து நாள் எடுத்துக்கொண்டார்.

ஒற்றை இழையில் பின்னிய முதல் துண்டு, முறுக்கு மிகுதியால் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டது. மூன்று இழைகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கி, சிட்டம் எனும் நூல் வளையமாகச் சுற்றி, நீரில் நனைத்து உலர்த்திய பின்னரே நூல் ஊசிக்கு அடங்கியது. பருத்திக்குக் கம்பளியின் நெகிழ்வு இல்லாததால் விரல்கள் வலிக்கின்றன (அவை பழகாத விரல்கள் என்பதும் உண்மை). கைக்குட்டை அளவுத் துணிக்கே பல மாலைகள் போயின. ஆனாலும் ராட்டையைத் திருப்பித் தர மனமில்லை.