டிக்கெட்டா, ஸ்பான்சரா, நன்கொடைப் பாஸா? நிதி திரட்டும் ஐந்து நாள் கலை விழாவுக்கு எது கைகொடுக்கும்

சென்னையில் 500 இருக்கை உள்ள அரங்கம், ஐந்து மாலைகள், கச்சேரியும் பரதநாட்டியமும் கலந்த விழா, வசூல் ஒரு மருத்துவ உதவி அறக்கட்டளைக்கு. பணம் திரட்ட மூன்று வழிகள் உண்டு. எதைப் பிடிப்பது என்பதை அரங்கத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் டிக்கெட். விருந்தினர், கலைஞர் குடும்பம் என 100 இருக்கை போய்விடும். மீதி 400-ல் வார நாளில் 160, சனி ஞாயிறில் 320 விற்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று வார நாளும் இரண்டு விடுமுறையும் சேர்த்து 1,120 டிக்கெட். 300 ரூபாய் வீதம் 3,36,000. அரங்க வாடகை, ஒலி, ஒளி, சன்மானம், அச்சு எல்லாம் சேர்ந்து 10 லட்சம் ஆனால் டிக்கெட் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அடைக்கும். விலையை ஏற்றலாமே என்றால், இசை, நடன நிகழ்ச்சிக்கு ஒருவருக்கு 500 ரூபாய் வரைதான் ஜிஎஸ்டி விலக்கு. அதைத் தாண்டினால், பதிவு உள்ள அமைப்பு 18 சதவீதம் கட்ட வேண்டும். ஐந்து நாளுக்கும் சேர்த்து 1,500 ரூபாய்க்கு ஒரே சீசன் டிக்கெட் போடுவதானால், ஆடிட்டரைக் கேட்ட பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.

ஒரே பெயருக்கு அரங்கம் நிரம்பும் இடத்தில் டிக்கெட் பெரும் பலம். 1944-ல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி ஐந்து கச்சேரிகள் பாடினார். அது அவர் குரலுக்கு வந்த கூட்டம். செவ்வாய்க்கிழமை இளம் நர்த்தகி ஆடும் விழாவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆனாலும் டிக்கெட்டைக் கைவிட வேண்டாம்: காசு கொடுத்தவர் நேரத்துக்கு வருவார், தனி ஆவர்த்தனத்தில், அதாவது மிருதங்கம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதியில், எழுந்து போகமாட்டார்.

இரண்டாவது, இலவச அனுமதி. செலவை ஏற்பது ஸ்பான்சரும், விழா மலரில் (விழாவுக்காக அச்சிடும் சிறப்பிதழ்) வரும் விளம்பரமும். செலவை முன்கூட்டியே அடைக்க இதை மிஞ்சிய வழி இல்லை. சிக்கல் வசூலில்தான். “போடுங்க சார், பாத்துக்கலாம்” என்று சொன்ன முழுப்பக்க விளம்பரத்தின் பணம் விழா முடிந்தபின் வருவது அபூர்வம். விளம்பர வடிவமும் காசோலையும் சேர்ந்து வந்தால் மட்டுமே பக்கம் என்று வையுங்கள். விழாவுக்குப் பத்து நாள் முன்பு மலரை மூடிவிடுங்கள். நிறுவனங்களிடம் சிஎஸ்ஆர் நிதி (சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் பணம்) கேட்டுப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: விளம்பர லாபத்துக்காகத் தரும் ஸ்பான்சர் தொகை 2021 விதிகளின்படி சிஎஸ்ஆர் கணக்கில் சேராது. அந்தப் பேச்சை அவர்களுடைய விளம்பரப் பிரிவோடு பேசுங்கள்.

ஸ்பான்சர் கேட்பதையெல்லாம் மேடையில் கொடுத்துவிடக் கூடாது. பின்திரையில் பளபளக்கும் பேனர் இருந்தால் விளக்கு பட்டு எதிரொளிக்கும். ஆடுபவரின் முகபாவம் தொலையும். பேனர் வாசலுக்கு. பாராட்டுரையும் பொன்னாடையும் கச்சேரிக்கு முன்னால் 20 நிமிடம் ஓடினால், ஒப்பனை அறையில் சேர்த்துவைத்த மிருதங்கத்தின் சுருதி ஏசி குளிரில் நகர்ந்திருக்கும். வித்வான் மேடையில் மறுபடி கல்லை எடுத்துத் தட்டத் தொடங்குவார். பேச்சை இரண்டு உருப்படிக்கு (பாடல் அல்லது நடனத்துக்கு) நடுவில் திணிப்பது இன்னும் மோசம். ஒரே நாளில், ஐந்து நிமிடத்தில், நிகழ்ச்சி முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

பாட்டு உரிமையிலும் வித்தியாசம் உண்டு. தியாகராஜர், தீட்சிதர் கிருதிகளுக்குக் கேள்வியே இல்லை. பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்தவர். அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. கட்டணமில்லாத அவைக்கு அமெச்சூர் குழு நிகழ்த்தினால் சட்டம் விலக்கு தருகிறது. தொழில்முறைக் கலைஞர் என்றால் நுழைவு இலவசமானாலும் அந்த விலக்கு கிடையாது.

மூன்றாவது, நன்கொடைப் பாஸ்: நன்கொடை தருபவருக்கு இருக்கை தரும் வழி. தர்மத்துக்கு உண்மையில் பணம் சேர்வது இங்கேதான். குழப்பம் அதிகமும் இங்கேதான். 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வரிச் சலுகை நன்கொடைக்குத்தான், இருக்கையின் விலைக்கு இல்லை. 5,000 ரூபாய் கொடுத்தவருக்கு முன்வரிசை என்று அறிவித்துவிட்டு முழுத் தொகைக்கும் நன்கொடை ரசீது எழுதினால் ஆடிட்டர் மறுப்பார். டிக்கெட்டைத் தனியாக விற்று, நன்கொடையைத் தனி ரசீதில் வாங்குங்கள். ரொக்கமாக 2,000-க்கு மேல் வாங்கினால் கொடுத்தவருக்குச் சலுகை போய்விடும். பான் எண்ணை அப்போதே வாங்காவிட்டால், மே மாதம் வருமான வரித்துறைக்கு விவரம் தாக்கல் செய்யும்போது ஒவ்வொருவரையும் தேடி அலைய நேரும். வெளிநாட்டு நன்கொடைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் கைநீட்டவே கூடாது.

எங்கள் தேர்வு கலவைதான், ஆனால் வரிசை முக்கியம். செலவில் பாதியாவது ஸ்பான்சர் பணமாக வங்கியில் விழுந்த பிறகு தேதி அறிவிப்பு. டிக்கெட் 200 முதல் 500 வரை. நன்கொடைக்குத் தனி வங்கிக் கணக்கு. விழாச் செலவுக்கு அதில் கைவைக்கக் கூடாது.

செலவைக் குறைக்கக் கலைஞர் சன்மானத்தில் கைவைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பாடகரோ நர்த்தகியோ தன் பங்கை விட்டுக்கொடுத்தால் அது அவர் மனசு. வயலின், மிருதங்கம், நட்டுவாங்கம் (தாளமிட்டு நடனத்தை நடத்துவது), ஒப்பனை, விளக்கு ஆகியவர்களுக்கு அது பிழைப்பு. அவர்களுடைய தொகையை முன்கூட்டியே பேசி, அன்றிரவே கொடுத்து அனுப்புங்கள்.