எங்கள் தெரு கேபிள் இணைப்பு: படம் தெளிவு, செய்தி சேனல் வரிசைதான் இடிக்கிறது

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு கேபிள் கொடுப்பவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏரியாக்காரர்களுக்குத் தெரியும். படம், சத்தம் இரண்டிலும் குறை இல்லை. மழை வந்தால் டிஷ் வைத்திருக்கிற எதிர் வீட்டில் படம் கட்டம் கட்டமாக உடையும், எங்களுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வயர் அறுந்தது என்று போன் போட்டால் அன்றைக்கே ஏணியோடு ஆள் வந்துவிடும். மாதம் 250 ரூபாய், வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறார்கள்.

சரி, இப்போது செய்தி சேனல்கள். கேபிள் மாற்றுகிறவர்கள் எந்தச் சேனல் எந்த நம்பரில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. எங்கள் அப்பா ரிமோட்டில் மேலே போகிற பட்டனை மட்டும்தான் அழுத்துவார், அடுத்தடுத்து வருகிற நாலைந்து செய்தி சேனல்தான் அவருக்கு நாட்டு நடப்பு. ஒரு சேனலைத் தூக்கி நூறு நம்பர் தள்ளிப் போட்டால் அதை மூடிவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிடுவார். இந்த ஆபரேட்டர் அப்படித்தான் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வரிசையை மாற்றினார். அப்பா வழக்கமாகத் திட்டிக்கொண்டே பார்க்கிற சேனல் காணோம், அந்த இடத்தில் பக்திச் சேனல். கேட்டால், "மேலேர்ந்து வர்றதுண்ணே, நம்ம கையில இல்ல" என்றார்.

அந்த மேலே யார் என்பதற்குத்தான் தமிழ்நாட்டில் பெரிய அடிதடியே நடந்தது. 1993-ல் சன் டிவி வந்தது. அதே குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன் கையில் சென்னையின் வயர்களில் பெரும்பகுதி இருந்தது. 2007-ல் தினகரன் நாளிதழின் கருத்துக்கணிப்பை ஒட்டி, கருணாநிதி குடும்பத்துக்கும் சன் டிவி நடத்துகிற அவருடைய உறவினர்களான மாறன் குடும்பத்துக்கும் முட்டிக்கொண்டதும் கலைஞர் டிவியும் பிறந்தது, அரசு கேபிள் டிவி கழகமும் பிறந்தது. சமாதானம் ஆனதும் அரசு கேபிள் படுத்துவிட்டது. 2011-ல் ஜெயலலிதா வந்து அதை எழுப்பி, மாதம் 70 ரூபாய் என்று அறிவித்தார். செய்தி வாசிப்பவர் யாராக இருந்தால் என்ன, வயர் நம் கையில் இருக்க வேண்டும் என்பது தி.மு.க., அ.தி.மு.க. இரண்டு கட்சிக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

உள்ளடக்கம் பற்றிச் சொல்ல வேண்டுமானால், கட்சி சேனல்களில் ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள், எதிரெதிர்க் கட்சிச் சேனல்களை ஜோடியாகப் பாருங்கள். ஒரே மாநாடு, இதில் கிரேன் மேலிருந்து கடல் மாதிரி கூட்டம், அதில் பின்வரிசைக் காலி நாற்காலியும் பிரியாணிப் பொட்டலமும். இரண்டும் அங்கே எடுத்ததுதான். 2001 ஜூன் 30 விடிவதற்குள் கருணாநிதியைக் கைது செய்தபோது சன் டிவியில் அவரை இழுத்துப்போகிற காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. ஜெயா டிவி போட்டதோ போலீஸ் பக்கத்துக் காட்சி. யார் வீட்டில் எது ஓடியதோ அதுவே அந்த வீட்டுக்கு நடந்த கதை.

இதெல்லாம் ஓட்டை மாற்றுமா என்று கேட்பார்கள். எங்கள் தொகுதியான ஆர்.கே.நகரிலேயே பார்த்தோமே. 2017 டிசம்பர் 21 இடைத்தேர்தல். முந்தின நாள் காலையில், மருத்துவமனைக் கட்டிலில் ஜெயலலிதா பழச்சாறு குடிக்கிற வீடியோவை டி.டி.வி. தினகரனின் ஆதரவாளர் வெற்றிவேல் வெளியிட, எல்லாச் செய்தி சேனலும் அதையே போட்டன. வாக்குப்பதிவுக்கு முந்தின 48 மணி நேரம் டிவியில் தேர்தல் பிரசாரம் கூடாது என்று சட்டம் இருக்கிறது, தேர்தல் ஆணையமும் ஒளிபரப்பாதீர்கள் என்றது, ஆனால் அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் பார்த்தாயிற்று. சுயேச்சையாக குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். வீடியோவால்தான் ஜெயித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். கடைசி நாளில் குடிநீரைப் பற்றியோ, அதே வருஷம் ஜனவரியில் எண்ணூர் கடலில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டி, அதை வாளியில் அள்ளியதைப் பற்றியோ யாரும் வாய் திறக்கவில்லை, டீக்கடை முதல் ரேஷன் கடை வரை அந்த டம்ளர்தான் பேச்சு. யாருக்கு ஓட்டு என்பதை சேனல் முடிவு செய்கிறதோ இல்லையோ, எதைப் பேசிக்கொண்டு பூத்துக்குப் போவோம் என்பதை முடிவு செய்துவிடுகிறது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

இந்த இணைப்பில் ஒரு லோக்கல் சேனலும் உண்டு. கோயில் திருவிழா, கேரம் போட்டி, கண்ணீர் அஞ்சலி, வட்டச் செயலாளர் பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் வரும், நன்றாகவே இருக்கும். போன தேர்தலில் மட்டும் ஒரு வேட்பாளர் தெருத்தெருவாக ஆரத்தி வாங்கிக்கொண்டு நடந்ததை ‘வட்டாரச் செய்திகள்’ என்று தலைப்புப் போட்டு ராத்திரி பூராவும் ஓட்டினார்கள், மற்றவர்கள் அதே தெருவில் நடந்தது செய்தியாகவில்லை. விளம்பரம் என்றால் முன்கூட்டியே தேர்தல் அலுவலரின் ஊடகக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும், செலவுக் கணக்கிலும் ஏறும். செய்தி என்று பெயர் வைத்தால், காசு வாங்கிப் போட்டது என்று பிடிபடாத வரை இரண்டு தலைவலியும் இல்லை. எங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இவருக்குத்தான் ஏரியால செல்வாக்கு போல" என்றார்.

சீரியல், கிரிக்கெட், பழைய பாட்டு போதும் என்பவர்கள் தாராளமாக எடுக்கலாம், ஐந்துக்கு நாலு ஸ்டார். செய்திக்காக எடுப்பதானால், வேண்டிய சேனல்களை முதல் நாளே ஃபேவரிட் லிஸ்ட்டில் போட்டு வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வரிசை மாறும்போதெல்லாம் தேட வேண்டியிருக்கும். அப்புறம், பாக்ஸுக்கு டெபாசிட் வாங்கினால் ரசீது கேளுங்கள், கேட்காமல் தர மாட்டார்கள்.