ஹார்ட்டெய்லா, டியூன்-ஓ-மேட்டிக்கா? வீட்டில் செய்யும் கிதாருக்கு எந்த பிரிட்ஜ்

தஞ்சாவூர்ப் பக்கம் எலெக்ட்ரிக் கிதார் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் ஓடுவது மரத்துக்காகத்தான். வீணைப் பட்டறையில் மிச்சப் பலாத் துண்டு கிடைக்குமா, இடித்த வீட்டுத் தேக்குக் கதவு தேறுமா, வாய்க்கால் ஓரத்துப் பூவரசு போதுமா என்று விசாரித்து, பலகையை வெட்டி, நெக் (கிதாரின் கழுத்து) உட்காரும் குழியையும் தோண்டி முடித்த பிறகுதான் பிரிட்ஜ், அதாவது பலகைமேல் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பாகம், பற்றிய பேச்சே வரும். வரிசை அப்படியே தலைகீழ். குழியின் ஆழம், நெக் நேராக உட்காருமா சாய்ந்து உட்காருமா, ஏன் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் உயரம்கூட, பிரிட்ஜின் உயரத்தைப் பார்த்துத்தான் முடிவாகும். முதலில் வாங்குங்கள், ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், அப்புறம் உளியை எடுக்கலாம்.

ஆன்லைனில் ஏழெட்டு வகை கிடைக்கும். ஆனால் மரத்தில் குழி குடையும் ரவுட்டர் மெஷின் இல்லாமல், ஒரு கை டிரில்லும் நாலு உளியும் வைத்துச் செய்கிறவருக்கு நிஜமான போட்டி இரண்டுக்கும்தான்: பலகையில் அசையாமல் திருகும் தகடான ஃபெண்டர் பாணி ஹார்ட்டெய்ல், இரண்டு தூண்மேல் நிற்கும் கிப்சன் பாணி டியூன்-ஓ-மேட்டிக். என் ஓட்டு ஹார்ட்டெய்லுக்கு. ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறுவேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

உயரத்தில் தொடங்குவோம். டியூன்-ஓ-மேட்டிக் 1954-ல் கிப்சனின் லெஸ் பால் கஸ்டம் கிதாரோடு வந்தது. அந்தக் கிதாரின் மேல்பலகை நடுவில் மேடாகச் செதுக்கப்பட்டது, நெக்கும் பின்பக்கம் சாய்ந்து ஒட்டப்பட்டது. அப்படிப்பட்ட பலகைக்கேற்ற பிரிட்ஜ் என்பதால் உயரம் அதிகம். முழுக்க இறக்கினாலும் கம்பி பலகையிலிருந்து 16, 17 மி.மீ. மேலே நிற்கும். நாம் செய்வதோ தட்டைப் பலகை. ஃபெண்டர் மாதிரி நெக் வாங்கி, 16 மி.மீ. குழியில் நேராகத் திருகினால் கம்பி ஓட வேண்டிய உயரம் 10 முதல் 12 மி.மீ.க்குள் அடங்கிவிடும். இந்த 5, 6 மி.மீ. வித்தியாசத்தை என்ன செய்வது? நெக்கைச் சாய்க்கலாம். அதன் முனையிலிருந்து பிரிட்ஜ் வரை சுமார் 18 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 1 டிகிரி சாய்வுக்கு 3 மி.மீ. கிடைக்கும். கிட்டத்தட்ட 2 டிகிரி சாய்த்தால் சரியாகிவிடும். காகிதத்தில் சுலபம்தான், ஆனால் குழியின் அடிப்பரப்பை 2 டிகிரி சாய்வாக, எங்கும் மேடு பள்ளம் இல்லாமல் உளியால் இழைப்பது நல்ல ஆசாரிக்கே பொறுமையைச் சோதிக்கும் வேலை. குழியை ஆழம் குறைத்து நெக்கை மேலே தூக்குவது இன்னொரு வழி, பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஹார்ட்டெய்லுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. தட்டைப் பலகை, நேர் நெக், தகட்டை வைத்துத் திருகினால் வேலை முடிந்தது. அதைவிடப் பெரிய வசதி, அது கை பிசகை மன்னிக்கும். ஒவ்வொரு கம்பிக்கும் தனிச் சேடில் (கம்பி உட்காரும் குட்டித் துண்டு) என்பதால் நெக்கின் முகப்பு வளைவின் ஆரம் 9.5 அங்குலமோ 12 அங்குலமோ, சேடில்களை அதற்கேற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். டியூன்-ஓ-மேட்டிக்கில் வளைவு வார்ப்பிலேயே வந்துவிடுகிறது, பெரும்பாலும் 12 அங்குலம்; நெக் வேறு மாதிரி இருந்தால் சேடில் காடியை அரம் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். அப்புறம் இடம். 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) என்றால் நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பி தங்கும் துண்டு) மெல்லிய கம்பியின் சேடிலுக்கு 648 மி.மீ.; தடித்த கம்பிக்கு அதிலிருந்து 3, 4 மி.மீ. பின்னால். டியூன்-ஓ-மேட்டிக்கின் சேடில் நகரும் தூரம் குறைவு, அதனால்தான் அதன் தடித்த கம்பிப் பக்கத் தூணைச் சற்றுப் பின்தள்ளி நடுகிறார்கள். அந்தத் துளையை 2 மி.மீ. தள்ளிப் போட்டுவிட்டால் தூணைத் தாங்கும் உலோகக் குழாயான புஷ்ஷைப் பிடுங்கி, குச்சி அடித்து அடைத்து, திரும்பத் துளைக்க வேண்டும், பிடுங்கும்போது பலா சில்லாகப் பெயரும். ஹார்ட்டெய்லில் திருகு ஓட்டைக்குள் பசையோடு இரண்டு பல்குச்சியைச் செருகி, பக்கத்தில் புதிதாகத் துளைத்தால் தகடு அதை மூடிக்கொள்ளும்.

ஹார்ட்டெய்லைப் பொருத்தும்போது தொல்லை தருவது ஒன்றுதான், கம்பியைப் பலகைக்குப் பின்னாலிருந்து கோக்கும் ஆறு துளைகள். 10.5 மி.மீ. இடைவெளியில் முன்பக்கம் ராணுவ அணிவகுப்பு மாதிரி நிற்கும், 45 மி.மீ. கனத்தைத் தாண்டி பின்பக்கம் வரும்போது டிரில் பிட் மர ரேகையோடு விலகி, ஒன்று மேலே ஒன்று கீழே எட்டிப் பார்க்கும். இரண்டு ஓரத் துளைகளை மட்டும் 2 மி.மீ. பிட்டால் முழுக்கப் போட்டு, பின்பக்கம் அவற்றைக் கோடு போட்டு இணைத்து, மற்ற நான்கையும் இருபுறமிருந்தும் துளைத்தால் சமாளிக்கலாம். பக்கத்து லேத் பட்டறையில் பெஞ்ச் டிரில் இருந்தால் அதைவிட நல்லது. அதுவும் வேண்டாம் என்றால் பின்விளிம்பிலேயே கம்பி மாட்டும் தகடாகப் பார்த்து வாங்குங்கள். ஒலியில் பெரிய வித்தியாசம் என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு, எனக்கு அப்படிக் கேட்டதில்லை.

கும்பகோணம் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதிலேயே இன்னொரு வகை உண்டு: ஃபெண்டரின் டெலிகாஸ்டர் கிதாரில் வரும் மூன்று பித்தளைச் சேடில் பிரிட்ஜ். ஒரு சேடிலுக்கு இரண்டு கம்பி. 8 மி.மீ. பித்தளை ராடை வெட்டி, நடுவில் நீளத்திருகுக்கு ஒரு துளை, இரு ஓரத்தில் உயரத் திருகுக்கு மரை. பாத்திரமும் குத்துவிளக்கும் செய்கிற ஊரில் இதைச் செய்யத் தெரியாத பட்டறை இருக்காது. நடுத்துளையைக் கொஞ்சம் சாய்வாகப் போடச் சொல்லுங்கள், நேராகப் போட்டால் இரண்டு கம்பியில் ஒன்றின் சுருதி மேல் ஃப்ரெட்டுகளில் (மெட்டுகளில்) எப்போதும் சற்று விலகியே இருக்கும். கையால் செய்த கிதாரில் கையால் செய்த பித்தளை இருப்பது தனி அழகு, இது என் பலவீனம்.

இனி அந்தத் தடுமாற்றம். ஹார்ட்டெய்லில் உயரத்துக்கு 12 குட்டித் திருகு, நீளத்துக்கு ஆறு. நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி உப்புக்காற்று ஊர்களில் மலிவு பிரிட்ஜின் இந்தக் குட்டித் திருகுகள்தான் முதலில் துருப்பிடிக்கும். 1.5 மி.மீ. ஆலன் சாவியை விட்டுத் திருப்பினால் உள்ளே அறுகோணம் வட்டமாகிவிடும், அதோடு அந்தச் சேடிலின் உயரம் நிரந்தரம். டியூன்-ஓ-மேட்டிக்கில் உயரத்துக்கு இருபக்கமும் ஒவ்வொரு சக்கரம்தான், கையாலேயே திருகலாம், துரு ஏறுவதற்கும் இடம் குறைவு. கடலோரக்காரர் நெக்கைச் சாய்த்துப் பொருத்தத் துணிந்தால் அதையே எடுக்கலாம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். இல்லையென்றால் ஹார்ட்டெய்ல் வாங்கிய அன்றே அந்தத் திருகுகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றி, ஒரு சொட்டு எண்ணெயும் விட்டுவிடுங்கள்.

ஸ்ட்ராட் பாணி டிரெமலோ, அதாவது கைப்பிடியால் ஆட்டிச் சுருதியை மாற்றும் பிரிட்ஜ்? கச்சேரி கேட்டு வளர்ந்த கை கிதாரைத் தொட்டால் கமகம் இழுக்காமல் இருக்காது. மிதக்கும் டிரெமலோவில் ஒரு கம்பியை இழுத்தால் ஸ்பிரிங் விரிந்து பிரிட்ஜ் முன்னால் சாயும், மற்ற ஐந்தும் சுருதி இறங்கும். மத்தியமத்திலிருந்து பஞ்சமத்துக்கு இழுக்கும்போது, கூடவே ஒலிக்கவிட்ட சட்ஜம் காலை வாரிவிடும். அதோடு பலகையை முழுக் கனத்துக்கும் குடைய வேண்டும். ஃபிலாய்ட் ரோஸ் வகை டிரெமலோ இன்னும் ஒரு படி மேலே: நட்டிலும் பூட்டு, சேடிலிலும் பூட்டு, ஒரு கம்பி அறுந்தால் மொத்தமும் சுருதி கலையும். முதல் கிதாருக்கு வேண்டவே வேண்டாம்.

மலிவாகக் கிடைத்தது என்று ஸ்ட்ராட் டிரெமலோவை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தூக்கிப் போட வேண்டாம். பின்குழியில் இரும்புக் கட்டைக்கு இருபக்கமும் அளவாக ஒரு மரத்துண்டைச் செருகி அசையாமல் இறுக்கினால் அதுவும் ஹார்ட்டெய்ல்தான். எர்த் வயரை ஸ்பிரிங் மாட்டும் தகட்டில் பற்றவையுங்கள். சாதா ஹார்ட்டெய்லில் அது தகட்டுக்கு அடியில் போகும், டியூன்-ஓ-மேட்டிக்கில் தூண் புஷ்ஷின் துளைக்குள். புஷ்ஷை அடித்து இறக்குவதற்கு முன்பே வயரை உள்ளே விட்டாக வேண்டும்.